சிவப்பு நூல் கட்டிய பிரஷ்

"அக்காவும் தம்பியும் ஒரே பிரஷ்ஷுலயா பல் தேய்க்கிறீங்க? சீ! அசிங்கமா இல்ல?"

அல்போன்சா மிஸ் போட்ட சத்தத்தில் நாலாம் வகுப்பே கப்சிப் ஆகிவிட்டது.

அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் இதே மிஸ்தான் சிந்துவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

ஜீவனஹள்ளியில் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளியில் அன்று பல் சுகாதார நாள். எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து பிரஷ் கொண்டு வர வேண்டும். வகுப்புக்கு ஒரு பரிசு, சுத்தமான பிரஷ்ஷுக்கு. மிஸ் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். மற்றபடி தங்கமான மனுஷிதான், கிருமி என்று வந்துவிட்டால் மட்டும் பொல்லாதவர்.

"க்ளென், இது பிரஷ்ஷா, துடைப்பமா? மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு சொன்னேனா இல்லையா?"

"மூடி போட்டுப் பத்திரமா வெச்சிருக்கேன் மிஸ்."

"ஈரத்தோட மூடினா கிருமி உள்ளயே குடித்தனம் பண்ணும்டா! கழுவி, உதறி, நிக்க வெச்சுக் காத்தாட விடணும்."

அடுத்தது சிந்து. அவளுடைய பச்சை பிரஷ்ஷைப் பார்த்ததும் மிஸ் முகம் மலர்ந்தது. ஒரு நார்கூட வளையவில்லை. பேஸ்ட் கறை இல்லை. மோந்தும் பார்த்துவிட்டார், வாடையே இல்லை.

"பார்த்துக்கங்கடா! பிரஷ்னா இப்படி இருக்கணும்!"

பீரோவைத் திறந்து, முன்னால் இருந்த சோப்புகளை ஒதுக்கிவிட்டு, ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தார். ஒரு வாரமாகவே சிந்துவுக்கு அதன் மேல் ஒரு கண். ரெண்டு கையையும் நீட்டினாள்.

க்ளெனுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், அது அவ பிரஷ் இல்ல! ரெண்டாம் கிளாஸ்ல அவ தம்பி யுவன் காட்டினதும் இதான். இன்டர்வெல்ல அவன்கிட்டேருந்து வாங்கினா, நான் பார்த்தேன்!"

மிஸ் பிரஷ்ஷைத் திருப்பினார். பிடியில் சிவப்பு நூல். காலையில் ரெண்டாம் வகுப்பில் பிரஷ் பார்த்தபோது யுவன் கையில் இருந்த அதே நூல்.

அதற்குத்தான் அந்தச் சத்தம்.

"ஒருத்தர் வாய்க்கிருமி இன்னொருத்தர் வாய்க்குப் போகும்னு தலபாடா அடிச்சுக்கிறேன், கேக்கிறியா? பரிசும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

பாக்ஸ் மறுபடி பீரோவுக்குள் போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற சிந்துவுக்குக் கண் ததும்பிவிட்டது.

"இல்ல மிஸ். நாங்க ரெண்டு பேருமே அதுல தேய்க்கல."

"அப்புறம் யாரு தேய்க்கிறா?"

"யாருமே இல்ல மிஸ். வீட்ல எல்லாருமே பல்பொடிதான், விரல்லயே தேச்சுக்குவோம். இது உங்ககிட்ட காட்டறதுக்கு வாங்கினது. காட்டிட்டுக் கொண்டு போய் டப்பாவுல வெச்சிடுவோம். தொலைஞ்சிடக் கூடாதுன்னு அம்மா நூல் கட்டியிருக்காங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"ஏய், சும்மா இருங்க எல்லாரும்!"

மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஏண்டி, சுத்தம்கிறது நம்ம உடம்புக்கா, அடுத்தவங்களுக்குக் காட்டறதுக்கா? இந்த ஏமாத்து வேலையெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?"

சிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு பீரோவைப் பார்த்தாள்.

"நீங்கதான் மிஸ். ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் குழாய்கிட்ட சோப்பு வெச்சு, யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு, அவர் போனதும் எடுத்துப் பீரோவுல பூட்டிடறீங்களே!"