பரம்பரைச் செம்பருத்தி

நான்கு தலைமுறையாக ஒரு குடும்பம் தொட்டியில் வளர்த்துவந்த செம்பருத்தி, கோடையில் பட்டுப்போனது. மருமகள் யாருக்கும் சொல்லாமல் தள்ளுவண்டிக்காரரிடம் புதுச்செடி ஒன்றை வாங்கி, அதே தொட்டியில் அவசரமாக நட்டாள். அந்தத் தொட்டியடியிலேயே பிறந்து வளர்ந்த தேரை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா வச்ச செடி" என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அதைக் கேட்டுக் கேட்டுப் பத்தே நாளில் செடிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏய் தேரை, இது பரம்பரை இடம். நேத்து வந்ததெல்லாம் இங்கே ஒண்டக் கூடாது, கிளம்பு" என்றது.

தேரைக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கிளம்புறேன் மகாராணி. உன் வேரைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் பையும் கொள்ளுத்தாத்தா காலத்துச் சரக்கா?" என்று கேட்டபடி வெளியே தாவியது.

செடி கொஞ்சமும் கூசவில்லை. "அதைப் பைன்னு சொல்லாதே. எங்க பரம்பரைப் பட்டு."