ஆடுகிற மேசை

ஓர் ஊரில் ஓட்டுச்சாவடி மேசை ஒன்று இருந்தது. முன்னே அது ராஜாவின் சிம்மாசனமாம். பிரித்து மேசையாக்கியபோது, பழைய ஆணி ஒன்று மட்டும் அதன் உடம்பிலேயே தங்கிவிட்டது.

தேர்தல் வந்தாலே மேசைக்குப் பழைய ஞாபகம்தான். "முதல் தேர்தலுக்குச் சனங்க கல்யாணத்துக்கு வர்ற மாதிரி பூ வெச்சு வந்தாங்க. மை வெச்ச விரலை ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டாங்க. மரத்துக்கு இதுதாம்ப்பா கடைசி உருவம்" என்றது.

"சிம்மாசனமா இருந்தப்பவும் இதையேதான் சொன்னீரு அண்ணே" என்றது ஆணி.

மேசையின் கால் ஒன்று ஆடியது. 'இந்த மேசையைப் பிரிச்சுத் தலைவருக்குப் பெரிய நாற்காலி செஞ்சுடலாம்' என்று காலையில் யாரோ சொன்னது அதன் காதிலும் விழுந்திருந்தது.

மீன்காரம்மா ஒருத்தி மை வைக்கக் கையை ஊன்றினாள். மேசை சாய்ந்தது.

"என்னய்யா, குடிச்சவனாட்டம் ஆடுது?"

கூடையை இறக்கிவைத்து, கையிலிருந்த பூத் சிலிப்பை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகினாள். அமுக்கிப் பார்த்துவிட்டு ஓட்டுப்போடப் போனாள்.

"இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றது மேசை.

"காகிதந்தானே, நசுங்கிடும்" என்றது ஆணி. "வாசல்ல வரிசையைப் பாரும். எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கு."