சட்டைப்பையில் வந்த அட்டை

ஓலைத்தொடுவாய்ப் பள்ளிக்கூட வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே வாக்குப்பெட்டி இருக்கிறது. கூரை இடுக்கால் விழும் வெயில் மைப்போத்தலில் பட்டுக் கண் கூசுகிறது. வெளியூர்ப் பெண் அலுவலர் என் அடையாள அட்டையைக் கேட்கிறார். "கடலோட போயிட்டுது, பிள்ளை" என்கிறேன். என் அட்டையும் என் கணவரின் அட்டையும் எப்போதும் ஒரே பொலித்தீன் பையில்தான் இருக்கும். அன்றும் அவர் பையோடுதான் கடலுக்குப் போனார். கரையில் கடற்படைக்குக் காட்டிய தன் அட்டையை மட்டும் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார். படகு கவிழ்ந்தபோது பையோடு என் அட்டை தாழ்ந்துவிட்டது. அவருடைய அட்டை அவர் உடலோடு கரைக்கு வந்தது.

கட்சி முகவராக இருக்கும் நிறோஜன் கதிரையிலிருந்து எட்டிப் பார்க்கிறான். "றோஸ்மேரி மாமியை இந்த ஊர்ப் பூனைக்கும் தெரியும், மிஸ்."

"பூனை சொல்லி வோட்டுப் போட விடேலாது, தம்பி. தற்காலிக அட்டையாவது எடுத்திருக்கலாமே, அம்மா?"

அதற்கான கடைசி நாளில்தான் அவரை அடக்கம் செய்தோம். கைக்குள் இருந்த அவருடைய அட்டையை மேசையில் வைக்கிறேன். ஓரங்களை உப்பு அரித்திருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. அலுவலர் அதை வாக்காளர் இடாப்போடு ஒத்துப்பார்க்கிறார்.

"இது உங்கட அவரின்ர. பேரும் இருக்கு, அட்டையும் சரி. நாலு மணிக்குள்ள வரச்சொல்லுங்கோ, அவர் போடலாம்."

நிறோஜன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

"சொல்லுறன், பிள்ளை" என்று அட்டையை எடுத்துக்கொள்கிறேன்.