சிவப்பு மரப்பிடி

ஆகஸ்டிலேயே கம்பெனி வேலையை உதறிவிட்டு ரப்பர் ஸ்டாம்பு கடை போட்டவள் தமயந்தி. வருஷம் முழுக்க வேலை பார்ப்பாள் என்று கம்பெனி கணக்குப் போட்டு, சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திரும்பக் கேட்டு நாலாவது தடவையாக வரி அலுவலகத்தில் நின்றாள்.

“வேலைய விட்ட லெட்டர்ல கம்பெனி சீல் இல்லையேம்மா,” என்றார் அதிகாரி.

போனவளுக்குச் சீல் எதற்கு என்கிறது கம்பெனி. பத்தே நிமிஷத்தில் அந்தச் சீலை அவளே செய்துவிடுவாள். அந்தத் திருட்டுத்தனம் வேண்டாமென்றுதான் இத்தனை நடை.

அதிகாரி சிவப்பு மரப்பிடி போட்ட சீலை எடுத்து மனுவில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று குத்தினார். ஒரு எழுத்துகூடப் பிசிறவில்லை.

தமயந்தி அதை அவர் கையிலிருந்து வாங்கி, துப்பட்டா நுனியில் மையைத் துடைத்துத் தன் பைக்குள் போட்டாள்.

“அது ஆபீஸ் சீலும்மா.”

“நான் செஞ்சு குடுத்தது சார். இதுக்கும் இன்னும் காசு வரல.”