கப்பலேறிய மானம்

பல் டாக்டர் மறுபடியும் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டார்.

"இப்போ என்ன சார்?" என்றார் ஸ்கூபா கோச், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூக்கு அரிக்குது. மாஸ்க் போட்டுட்டா சொறிய முடியல."

அவர் பின்னாலேயே ஆறு பிள்ளைகளும் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். சொகுசுக் கப்பலின் நீச்சல் குளத்தில் கோச் போட்டிருந்த சட்டம் அது. ஒருவர் மேலே வந்தால் எல்லாரும் வர வேண்டும். அவர் ஒரே ஆள். அடியில் ஒரு பிள்ளையைக்கூடத் தனியாக விடமாட்டார்.

பிள்ளைகளோடு ஒரு பெரியவரும் இறங்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அதைக் கேட்டதும் பெற்றவர்கள் அத்தனை பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. ஒருவருக்கு பிரஷர், ஒருவருக்கு இடுப்புவலி, ஓர் அம்மாவுக்கு முந்தின நாள் போட்ட தலைச்சாயம். பந்து பந்தாகப் புஜம் வைத்திருந்த ஜிம்காரருக்குக்கூட ஜலதோஷம்.

"எங்க அப்பா வருவாரு" என்று டாக்டரின் மகள்தான் கையைத் தூக்கினாள். தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி இரண்டு பேர் சேர்ந்து குலுக்கிக் குலுக்கி அவரை ரப்பர் உடைக்குள் இறக்கினார்கள்.

குளத்தின் அடியில் வட்டமாக முட்டி போட்டு, கோச் கை காட்டும்வரை நிதானமாக மூச்சு விட வேண்டும். அதை இன்று முடித்தால்தான் நாளை கடலில் இறங்கி மீன் பார்க்கலாம். இல்லாவிட்டால் மேல்தளத்தில் நின்று கடலை வேடிக்கை பார்க்கலாம். டாக்டர் மகள் இதற்காகவே வீட்டுக் குளியலறை வாளியில் முகத்தை அமுக்கிப் பழகியவள்.

அப்பாவோ, முதல் தடவை வாயில் கவ்விய குழாயில் ரப்பர் நாற்றம் என்று மேலே வந்தார். அடுத்து, தும்மல் வருகிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம், கேபின் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம். இப்போது மூக்கு.

மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். மகளுக்கு அது ஏற்கெனவே கப்பலில்தான் இருந்தது, இனி ஏற இடமில்லை. அவள் குளத்தின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

குளக்கரையில் முணுமுணுப்பு கிளம்பியது. இந்த ஆளை மாற்றுங்கள், பிள்ளைகளின் கடல் ஆசையில் மண்ணைப் போடுகிறார் என்றார்கள். பிரஷரும் இடுப்புவலியும் அதற்குத் தடையாக இல்லை.

"என் பையனைப் பாருங்க, சிங்கக்குட்டி" என்றார் ஜிம்காரர். "தானா ஒரு தடவை மேல வந்தானா? பயந்து வந்தா என் பிள்ளைன்னு சொல்லிக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சிங்கக்குட்டி மாஸ்க்கைக் கழற்றாமலே தலையை ஆட்டினான்.

கோச் டாக்டரைக் குளத்தின் ஓரப்படிக்கு அழைத்துப்போனார். "பயமா இருந்தா சொல்லிடுங்க சார். தப்பே இல்ல. வேற யாரையாவது கெஞ்சி இறக்கிக்கறேன்."

"பயம்தான்" என்றார் டாக்டர். "எனக்கில்ல. அந்த சிங்கக்குட்டிக்கு."

கோச் தலையைத் திருப்பப் போனார். டாக்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பார்க்காதீங்க, அவங்க அப்பா கவனிச்சுடுவாரு. வாயில எதையாவது கவ்வ வெச்சா பிள்ளைங்க கண்ணாலதான் கத்தும். எனக்குத் தினமும் அதுதானே பிழைப்பு. ஒரு நிமிஷம் வெளியில மூச்சு விட்டா அவன் தெளிஞ்சுடறான். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் கூட நேரம் இருக்கான். தனியா வந்தா அவன் கோழை. என்னால எல்லாரும் வந்தா, நான் கோழை. எனக்கென்ன, நான் இருந்துட்டுப் போறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா அவனை வெளியில உட்கார வெச்சிடுவீங்க."

வைத்திருப்பார்தான். கோச், இந்தத் தடவை அவன் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதாகச் சொன்னார். ஆனால் டாக்டர் இன்னொரு முறை மேலே வந்தால், கரையில் இருப்பவர்களைத் தன்னால் சமாளிக்க முடியாது, அவரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்.

எல்லாரும் இறங்கினார்கள். கரையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நேரம் போனது.

குமிழிகளுக்கு நடுவே ஒரு தலை வெளியே வந்தது. டாக்டருடையது அல்ல, அவர் மகளுடையது.

"காலுல மாட்டின துடுப்பு இறுக்குது" என்றாள்.

கரையே சிரித்தது. "அப்பன் எட்டடி பாய்ஞ்சா பொண்ணு பதினாறடி பாயுது" என்றார் ஜிம்காரர். அவள் முகம் சிவந்தது. ஆனாலும் துடுப்பை அவசரப்படாமல் கழற்றி, அவசரப்படாமல் மாட்டினாள். பக்கத்தில் சிங்கக்குட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

மறுபடி இறங்கினார்கள். இந்த முறை கோச் கை காட்டும்வரை ஒருவரும் மேலே வரவில்லை. ஆறு பேருக்கும் நாளை கடல் உறுதியானது.

ஜிம்காரர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, தானாக ஒரு தடவைகூட மேலே வராதவன் என்று கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். கோச் வாயைத் திறக்கப் போனார். டாக்டர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

டாக்டரின் ரப்பர் உடை கழற்றும்போதும் அடம்பிடித்தது. மகள்தான் காலைப் பிடித்து இழுத்தாள். டாக்டருக்கு மனசு ஆறவில்லை.

"துடுப்பு இறுக்கினா கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? நாளைக்குக் கடலே இல்லைன்னு ஆகியிருந்தா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பையனுக்கு நேரெதிர்லதான்பா நான் முட்டி போட்டிருந்தேன். உங்ககிட்ட சாக்கு தீர்ந்து போயிருக்கும்னு தோணிச்சு."