முயலுக்கு ரெண்டு தட்டு

"ரெண்டும் பொட்டைன்னு சொல்லித்தானே குடுத்தே?"

உத்திரமேரூர் கடைத்தெருவில், மக்பூலின் தீவனக் கடை முன்னால் கூடையைத் தொப்பென்று வைத்தார் தாண்டவராயன். உள்ளே இரண்டு வெள்ளை முயல்கள். இளைய மருமகள் பாஞ்சாலி ஆசைப்பட்டு இங்கே வாங்கியவை.

"பொட்டைங்கதான் நைனா. இன்னா ஆச்சு?"

"காது கிழிஞ்சது இன்னொண்ணு மேல ஏறிக்கினே கீது. மூத்த மருமவ கனகா காறித் துப்புறா. எங்க ஊரு திருப்புலிவனமே வந்து வேடிக்கை பாக்குது. ஆணை வித்துட்டு பொட்டைன்ற."

மக்பூல் முயலை மல்லாத்திப் பிடித்தான்.

"நீயே பாரு."

தாண்டவராயன் பார்த்தார். பொட்டைதான். தவிடு வாங்க வந்தவன் ஒருத்தன் சிரித்தான். அவன் முகத்தை அவர் நன்றாக மனதில் குறித்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன் ஏறுது?"

"யாரு பெரியவன்னு காட்டறதுக்கு. பொட்டை மேல பொட்டையும் ஏறும். கூண்டு எம்மாம் பெரிசு?"

"பழைய சாதிக்காய்ப் பலகைப் பெட்டி ஒண்ணு."

"தீனித் தட்டு?"

"ஒண்ணு."

"அதான். எடமும் ஒண்ணு, தட்டும் ஒண்ணுன்னா இன்னா பண்ணும்?"

"குச்சியால நாலு போட்டேன். அடங்கல."

"அடிச்சா பயப்படும், அடங்காது. கீழ கெடக்கறது தீனி துன்னாம தேஞ்சு பூடும். பெரிய கூண்டா அடி. நடுவுல கம்பி வலை. ஆளுக்கொரு தட்டு. ஒண்ணை ஒண்ணு மோந்து பாத்துக்கினே பழகட்டும். பதினஞ்சு நாள் கழிச்சு வலையை எடு."

அன்றே சுத்தியலோடு உட்கார்ந்துவிட்டார் தாண்டவராயன்.

பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "தனி அடுப்பு கேட்டான்னு பெத்த புள்ளை கூட பேசறதில்ல. முயலுக்குத் தனிக்குடித்தனம் வெச்சுக் குடுக்கறாரு."

அவள் சொன்னது பொய்யில்லை. பொங்கலன்று இளைய மகன் கோபால் கேட்டான். "நான் கீற வரைக்கும் இந்த வூட்ல ஒரே அடுப்புதான்" என்றார். எட்டு மாதமாகிறது. கோபால் எதிரே வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பதினாறாம் நாள் வலையை எடுத்தார். காது கிழிந்தது மற்றதை ஒரு முறை மோந்து பார்த்தது. அப்புறம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அகத்திக்கீரையைக் கடித்தன.

அடுப்படியிலிருந்து கனகாவின் குரல் கேட்டது. "யாரைக் கேட்டு பானையைத் தொட்டே?"

பாஞ்சாலி பானையை இறக்கி வைத்தாள். கீரைத்தண்டை முயலுக்குப் போட வந்தாள். அவள் கையை உயர்த்தியபோது வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்தன. பொங்கலன்று அவை மணிக்கட்டை விட்டு நகராமல் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை கொத்தனார் சுப்பிரமணி வந்தான்.

"பின்கட்டுல நடுவால ஒரு சுவரு. அந்தாண்ட ஒரு அடுப்பு மேடை. சுவத்துல ஒரு ஜன்னல் வை."

"அடுப்படிக்கும் அடுப்படிக்கும் நடுவுல இன்னாத்துக்கு ஜன்னலு?"

"வைன்னா வை."

"சரி. யாருக்கு அடுப்புன்னு கோபால் கேட்டா இன்னா சொல்லட்டும்?"

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"முயலுக்குன்னு சொல்லு."