உடம்பு தேற மாத்திரை

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த வருஷம். திண்டிவனத்தில், வீட்டிலேயே பிள்ளை பெற்ற அமலோற்பவமேரிக்குப் புருஷன் ஞானராஜ் மாத்திரை வாங்கி வந்தான். “உடம்பு தேறும், முழுங்கு.” அவள் சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினாள். பால் வற்றியது. குழந்தையை அவன் விழுப்புரத்தில் தன் தங்கையிடம் விட்டான். அங்கே பசு இருந்தது.

பால் ஊற மருந்து கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் பேரைக் கேட்டதும் நர்ஸ் திகைத்தாள்.

“கொழந்த செத்துப்போச்சு, பால் கட்டினு நோவுதுன்னு சொல்லி, ஒன் வூட்டுக்காரர்தானே பால் நிக்க மாத்திரை வாங்கினு போனாரு?”

அன்றே ரயிலேறினாள். நாத்தனார் சவுரியம்மாள் கதவைத் திறந்தாள். ஒருமுறைகூடப் பிள்ளை உண்டாகாதவள். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

“நான் எதையும் முழுங்கல அண்ணி,” என்று அழுதாள். “அதுவா வருது.”

அமலோற்பவமேரி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு, சவுரியம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டது.